இரண்டாவது ஆள்

தீவிர ஆட்டிசம் உள்ள பிள்ளையை முழுதாக அறிந்தவர் பெரும்பாலான வீடுகளில் ஒருவர்தான். அவர் ஒரு வாரம் படுத்துவிட்டால்?

“எந்தக் கையால அடிக்கிறான்?”

இரவு பதினொன்றரை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி போனில் அக்கா கேட்டாள். பித்தப்பைக் கல்லுக்கு அன்று காலையில்தான் ஆபரேஷன் முடிந்திருந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“வலது கையால.”

“காதுலயா, கன்னத்துலயா?”

“தாடைகிட்டக்கா.”

“ராத்திரி இட்லிய இடது பக்கமே ஒதுக்கி மென்னானா?”

நான் பார்க்கவில்லை. தட்டு காலியானதை மட்டும்தான் பார்த்தேன்.

“பல்லுடா தம்பி அது. கீழ்க் கடைசிப் பல்லுல போன மாசமே ஒரு கறுப்புப் புள்ளி தெரிஞ்சுது. டாக்டர் எழுதிக்குடுத்த வலி மாத்திரை ஃப்ரிட்ஜ் மேல டப்பாவுல இருக்கு. கையில குடு, வாங்கிப்பான்.”

கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். முக்கால் மணி நேரத்தில் அடிப்பது நின்றது. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் ‘பிள்ளை அம்மாவைத் தேடுகிறான்’ என்ற முடிவோடு, நான் அவனுக்கு அக்காவின் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு 15 வயது. எடை 78 கிலோ. பேச்சு இல்லை, நாலைந்து சத்தங்கள் உண்டு. நான் அவனுக்குத் தாய்மாமன். மடியில் உட்கார வைத்து மொட்டையடித்து, காது குத்தி, சீர் செய்தவன். ‘மாப்ளே’ என்றுதான் கூப்பிடுவேன். அன்று இரவுதான் உறைத்தது: குத்திய காது எனக்குத் தெரியும். அந்தக் காதுக்கு எந்தச் சத்தம் வலிக்கும் என்று தெரியாது.

அத்தான் திருப்பூரில் வேலை பார்க்கிறார். மாதம் இரண்டு தடவை மதுரைக்கு வருவார். ஆபரேஷன் சமயத்தில் அவர் அக்காவுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில். பையனுக்கு நான். ஐந்து நாள். ஒவ்வொரு நாளும் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இந்தப் பிள்ளையைப் பற்றிய அறிவு முழுவதும் ஒரே ஒரு தலைக்குள் இருக்கிறது. எழுதி வைத்ததில்லை, யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தத் தலை ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தில் கிடந்த மூன்று மணி நேரம், அவனுக்கு மொழிபெயர்ப்பாளரே கிடையாது.

மார்க் கூடினால் அழுகிற பரீட்சை

ஆட்டிசம் என்ற சொல்லை 2013இல் வந்த ‘ஹரிதாஸ்’ படத்தின் மூலம் தெரிந்துகொண்டவர்கள் இங்கே பலர். அதில் வரும் சிறுவனுக்கு ஓட்டத்தில் திறமை. படத்தை டி.வி.யில் போடும்போதெல்லாம் யாராவது அக்காவிடம் கேட்பார்கள்: “உங்க பையனுக்கு என்னம்மா டேலண்ட்?” “நல்லா ஓடுவான்” என்பாள் அக்கா. “கதவு தொறந்திருந்தா.”

அது வேடிக்கைப் பேச்சில்லை. ஆட்டிசம் உள்ள 4 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர், பாதுகாப்பான இடத்தை விட்டு ஒரு தடவையாவது வெளியேறப் பார்த்திருக்கிறார்கள் என்று 2012இல் அமெரிக்காவின் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வு சொன்னது. இந்தப் பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. நம் பக்கம் கிணறும் ஊருணியும் கண்மாயும் எத்தனை தூரத்தில் இருக்கின்றன என்று யோசித்தால், மேல் தாழ்ப்பாளை அக்கா ஏன் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறாள் என்று புரியும்.

ஆட்டிசம் எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. தன் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்கிறவரும் உண்டு. தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதவரும் உண்டு. 2021இல் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நம் நாட்டில் தீவிரத்தை அளக்க ‘ஐ.எஸ்.ஏ.ஏ.’ என்றொரு அளவுகோல். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. 153க்கு மேலே போனால் தீவிரம். பிள்ளை கூடுதல் மார்க் வாங்கினால் சாக்லேட் கொடுக்கிற ஊரில், மார்க் கூடியதற்காக அழுதுகொண்டே வெளியே வருகிற பரீட்சை இது. அக்கா மகன் வாங்கியது 162.

2021 டிசம்பரில் ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த குழு, இந்தப் பிள்ளைகளுக்குத் தனிப்பெயர் வேண்டும் என்று பரிந்துரைத்தது: ‘ப்ரொஃபவுண்ட் ஆட்டிசம்’. எட்டு வயதுக்கு மேலாகியும் பேச்சு மிகக் குறைவாகவோ அறிவுத்திறன் மிகக் குறைவாகவோ இருந்து, இருபத்து நாலு மணி நேரமும் பக்கத்தில் ஒரு பெரியவர் தேவைப்படுகிறவர்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2000 முதல் 2016 வரையான பதிவுகளை இந்தக் கண்ணோடு அலசியபோது, 8 வயது ஆட்டிசப் பிள்ளைகளில் 26.7 சதவீதம் பேர் இந்த வகையில் வந்தார்கள். நாலில் ஒருவர். உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2ஆம் தேதி நீல விளக்கு ஏற்றி நாம் கொண்டாடுகிற வெற்றிக் கதைகளில் அந்த நாலாமவரைப் பார்ப்பது அரிது.

பழியைச் சுமந்தவள் துணை கேட்பாளா?

பிள்ளையைப் பற்றிய அறிவெல்லாம் ஏன் தாயிடமே தங்கிப் போகிறது? பழியும் அவளிடமே தங்கியிருப்பதால்.

லியோ கன்னர் என்ற மருத்துவர் 1943இல் பால்டிமோரில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிசம் தனி நிலையாக மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது அப்போதுதான். தொடர்ந்து வந்த ஆண்டுகளில் குற்றக் கூண்டில் நின்றவர்கள் தாய்மார்கள். பாசமற்ற, ஐஸ்பெட்டி போன்ற அம்மாக்களால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்றார்கள். புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் அதையே வாதமாக்கிப் புத்தகம் போட்டுப் புகழ்பெற்றார். இது மூளை சார்ந்தது, வளர்ப்பு சார்ந்தது அல்ல என்று 1964இலேயே எழுதியவர் பெர்னார்ட் ரிம்லண்ட். உளவியலாளர்; அதைவிட முக்கியம், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் தகப்பன். மரபணுக்களின் பங்கு பெரிது என்று இன்று ஆய்வுகள் உறுதியாகச் சொல்கின்றன.

பெட்டல்ஹெய்மை நம் தெருவில் யாரும் படித்ததில்லை. படிக்காமலேயே அவர் சொன்னதைச் சொல்கிறார்கள். “வேலைக்குப் போனேல்ல, புள்ளைகிட்ட யாரு பேசுனா?” “கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா?” “டி.வி. போட்டு விட்டுருப்ப.” அக்கா பள்ளிக்கூட டீச்சர் வேலையை விட்டு 11 வருடம் ஆகிறது. தன் தப்புக்குத் தானே தண்டனை அனுபவிக்கிறாள் என்று ஊரே நம்பும்போது, “ரெண்டு மணி நேரம் புள்ளையப் பாத்துக்கிறியா?” என்று யாரிடம் கேட்பாள்? தம்பி என்னிடமே கேட்டதில்லையே.

அடியும் ஒரு பேச்சுதான்

தாடையில் அடித்துக்கொண்டது பல்வலி. எல்லா அடிக்கும் காரணம் வலியாக இருக்க வேண்டும் என்பதில்லை. தலையை மோதுவது, கையைக் கடிப்பது, பிறரை அடிப்பது போன்றவற்றுக்கு நிபுணர்கள் பொதுவாக நான்கு காரணங்களைத் தேடுவார்கள்: யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும், ஒரு பொருள் வேண்டும், பிடிக்காத வேலையிலிருந்து தப்பிக்க வேண்டும், உடம்புக்குள்ளேயே அது ஏதோ ஆறுதல் தருகிறது. புதிதாக ஒரு நடத்தை முளைத்தால் பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் முதலில் பார்த்துவிட வேண்டும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவனுக்கு வலியே இல்லை என்று நினைத்துக்கொள்வது நம் வழக்கமான தப்பு.

அடுத்து, சொல்ல ஒரு வழி செய்து தர வேண்டும். 1985இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இருவர் பட அட்டைப் பரிமாற்ற முறையை உருவாக்கினார்கள். ‘பெக்ஸ்’ என்பார்கள். தண்ணீர் வேண்டுமா, தண்ணீர்ப் படத்தை எடுத்து எதிரே இருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் அந்த முறையின் முதல் பாடத்துக்கே இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எதிரே உட்கார்ந்து அட்டையை வாங்குவார். இன்னொருவர் பிள்ளையின் பின்னால் இருந்து, வாய் திறக்காமல், கையை மட்டும் அட்டைப் பக்கம் நகர்த்துவார். தாய் ஒருத்தியே இரண்டையும் செய்தால், பிள்ளை அட்டையைக் கொடுப்பதற்குப் பதில் அவள் கை தன் கையைப் பிடிக்கக் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறான்.

எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. ஏழு வயதில் ஆரம்பித்த அட்டைகள் ஒரு வருடம் நகரவே இல்லை. சிறப்பாசிரியர் ஒருவர் வாரம் இரண்டு நாள் வர ஆரம்பித்த பிறகுதான் முதல் அட்டை கை மாறியது. அவர் ஊர் மாறிப் போனதும் எல்லாம் மறுபடி அக்காவின் கையோடு நின்றது. அக்காவிடம் கொடுப்பான், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டான்.

அட்டையின் அடுத்த படி டேப்லெட். படத்தைத் தொட்டால் கருவி சொல்லைச் சொல்லும். ‘ஆவாஸ்’ என்ற இந்தியாவின் முன்னோடிச் செயலி சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கியது, தமிழிலும் பேசும். கருவி கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடுமோ என்ற பயம் பல வீடுகளில் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை.

நடுராத்திரி வியாபாரிகள்

தூக்கமில்லாத தாய் நடுராத்திரி போனைத் திறந்தால் கண்ணில் படுவது ‘முழுக் குணம்’ விளம்பரங்கள். தூக்கக் குறைவு ஆட்டிசப் பிள்ளைகளில் மிகச் சாதாரணம். பிள்ளை தூங்காத வீட்டில் யாரும் தூங்குவதில்லை. அப்படி ஓர் இரவில் பார்த்த விளம்பரத்தை நம்பித்தான் அக்கா ஐந்து பவுன் சங்கிலியை விற்று, வெளியூர் கிளினிக் ஒன்றில் பணத்தைக் கட்டினாள். முதுகுத்தண்டில் ஊசி, ‘ஸ்டெம் செல்’. பையனிடம் எந்த மாற்றமும் வரவில்லை. இன்னொரு சுற்றுக்குக் கூப்பிட்டார்கள்.

ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. அதைச் செய்வதும் விளம்பரப்படுத்துவதும் மருத்துவத் தொழில் ஒழுக்க மீறல் என்பது 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் எடுத்த நிலை. ரத்தத்திலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று செய்யும் ‘கீலேஷன்’ இன்னும் ஆபத்து. 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அதனால் 5 வயதுப் பையன் ஒருவனின் உயிரே போனது.

மருந்துக்கு இடமே இல்லை என்பதில்லை. கட்டுக்கடங்காத ஆவேசத்துக்கு ரிஸ்பெரிடோனை 2006இலும் அரிபிப்ரசோலை 2009இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்றது. அவை ஆவேசத்தைத் தணிக்கும், ஆட்டிசத்தை மாற்றாது. பசியையும் எடையையும் கூட்டிவிடும் என்பதால் மருத்துவரின் கண்காணிப்பு அவசியம். மாப்பிள்ளையின் 78 கிலோவில் மாத்திரைக்கும் பங்கு உண்டு. வலிப்பு நோய் கூடவே வரும் வாய்ப்பு இப்பிள்ளைகளுக்கு அதிகம்; வயதுக்கு வரும் பருவத்தில் அது தலைகாட்டலாம்.

மீசை முளைத்த பிறகு

மூன்று வயதில் தெருவில் கையை உதறிக்கொண்டு குதித்தால் “அச்சோ, குட்டி” என்பார்கள். பதினைந்து வயதில் அதே குதி, அதே உதறல். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகிறது. ஒருநாள் கண்டக்டர் விசில் ஊதியபோது அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலற, “குடிச்சிருக்கானா?” என்று ஒருவர் கேட்டார். பக்கத்தில் அவன் தோளுக்கும் எட்டாத உயரத்தில் அக்கா.

இந்த வயதில்தான் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிறார்கள். “எங்களால சமாளிக்க முடியல மேடம்” என்று பன்னிரண்டு வயதிலேயே ஒரு பள்ளி அனுப்பிவிட்டது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் இயலாமை உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டப் புத்தகத்தோடு போய் நிற்கத் தெம்பு வேண்டும். நிற்கும் நேரத்தில் பையனைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

பல்லுக்கும் அலைந்தோம். முதல் கிளினிக்கில் நாற்காலியில் உட்காரும் முன்பே வேண்டாம் என்றார்கள். இரண்டாவது இடத்தில் கைகாலைக் கட்டலாமா என்று கேட்டார்கள். நாலாவதாகப் போன அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா, “மயக்கம் குடுத்து ஒரே தடவையில எல்லாத்தையும் பார்த்துடலாம்” என்றார். இரண்டு பல் அடைத்து, ஒன்றைப் பிடுங்கினார்கள். எத்தனை மாதம் வலித்ததோ, அவனுக்குத்தான் தெரியும்.

மீசையை மழிக்க, தனியறை எது பொது இடம் எது என்று கற்றுக்கொடுக்க, பாத்ரூமில் கதவைச் சாத்தப் பழக்க ஒரு ஆண் துணை வேண்டிய வயது இது. பெண் பிள்ளையானால் மாதவிடாய் நாட்களும், யாரை நம்பி விடுவது என்ற பயமும் சேர்ந்துகொள்ளும்.

பதினெட்டாம் பிறந்தநாள்

1995இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. 1999இல் ஆட்டிசத்தையும் சேர்த்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது; 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்தது. அறக்கட்டளைச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பிள்ளைக்கு 18 முடிந்தால், பெற்ற தாயானாலும் தானாகச் சட்டப்படி காப்பாளர் ஆகிவிட முடியாது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுப் போட்டு நியமனம் பெற வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ‘யு.டி.ஐ.டி.’ அடையாள அட்டைதான் எல்லாவற்றுக்கும் சாவி. தேசிய அறக்கட்டளையின் ‘நிரமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம். தெரபிக்கும் அதில் இடம் உண்டு. கடும் பாதிப்புள்ளவர்களுக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். சின்னப் பிள்ளைகளுக்கு மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன. சென்னை அருகே முட்டுக்காட்டில் 2005 முதல் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் இயங்குகிறது.

காசோலை வருகிறது, அட்டை வருகிறது. வராதது ஆள். வீட்டில் இருப்பவர் நாலு நாள் மூச்சு விட, பயிற்சி பெற்ற ஒருவரிடம் பிள்ளையை விட்டுப் போகும் வசதிக்கு ‘ஓய்வுப் பராமரிப்பு’ என்று பெயர். தேசிய அறக்கட்டளையில் அதற்கும், பெரியவர்களான பிறகு தங்குவதற்கும் ‘சமர்த்–கரௌண்டா’ என்ற திட்டம் உண்டு. தேவைக்கு முன்னால் அந்த இடங்கள் சொற்பம். அதனால்தான் பெற்றோர் கூட்டங்களில் எந்தப் பேச்சும் கடைசியில் “எங்களுக்கு அப்புறம்?” என்பதிலேயே வந்து நிற்கிறது.

தன் 11 பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கன்னர் 1971இல் எழுதினார். பெரிய அரசு விடுதிகளில் விடப்பட்டவர்கள் இருந்ததையும் இழந்திருந்தார்கள். முதல் பிள்ளையான டொனால்டு, மிசிசிப்பி மாநிலத்தில் சொந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயத் தம்பதியோடு சில ஆண்டுகள் வளர்ந்தார். பிறகு வங்கியில் வேலை பார்த்து, 2023இல் 89 வயதில் இறந்தார். அவருக்குப் பேச்சு இருந்தது, வசதி இருந்தது; என் மாப்பிள்ளையோடு ஒப்பிட முடியாது. ஆனால் பெற்றோரைத் தாண்டி அவரைத் தெரிந்துகொண்ட மனிதர்கள் அவருக்கு இருந்தார்கள். ‘எங்களுக்கு அப்புறம்’ என்ற கேள்வியைத் தாய் இறந்த பிறகு கேட்டுப் பயனில்லை. அவள் திடமாக இருக்கும்போதே, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அக்காவிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்து, எழுதச் சொன்னேன்.

அக்காவின் நோட்டிலிருந்து

- தண்ணி நீல டம்ளர்ல மட்டும். வேற எதுல குடுத்தாலும் கொட்டிருவான். கோபத்துல இல்ல, அவனுக்கு அது தண்ணியே இல்ல.
- மிக்ஸி போடும் முன்னாடி ஜாரைக் காட்டிட்டுப் போடு.
- ‘ம்ம்ம்’னு இழுத்தா சந்தோஷம். ‘ஈ’னு ஆரம்பிச்சா பத்து நிமிஷத்துல கடிப்பான். அப்போ பேச்சுக் குடுக்காத. லைட்டை அணை, தள்ளி உக்காரு.
- புதுச் சட்டைன்னா கழுத்து லேபிளை வெட்டிட்டுப் போடு.
- ரெண்டு நாள் வெளிக்குப் போகலைன்னா, எதுக்கு அழுதாலும் வயிறுதான்.
- மாத்திரையை வாழைப்பழத்துல ஒளிச்சுக் குடுக்காத. ஒரு தடவை ஏமாத்துனா, வாழைப்பழத்தையே விட்டுருவான்.
- ரோட்டுல முழங்கைக்கு மேல பிடி. மணிக்கட்டைப் பிடிச்சா திமிறுவான்.
- மேல் தாழ்ப்பாள். மறுபடியும் பாரு.

இப்போது ஒன்று விட்ட ஞாயிறுகளில் காலை பத்து முதல் நாலு வரை நான் அவனோடு. அக்கா வெளியே போயாக வேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் ஞாயிறு எங்கே போவதென்று தெரியாமல் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். இரண்டாவது தடவை தோழி வீடு வரை போய், அங்கேயே தூங்கிவிட்டாள்.

நானும் தப்புகள் செய்தேன். மிக்ஸியைக் காட்டாமல் போட்டேன். முன்கையில் அதன் தழும்பு இருக்கிறது.

ஐந்தாவது ஞாயிறு, மதியம் இரண்டு மணி இருக்கும். அவன் எழுந்து அடுப்படிக்குப் போனான். அக்கா இல்லை. படுக்கையறைக் கதவைத் தள்ளிப் பார்த்தான். அங்கும் இல்லை. சுவரில் தொங்கும் அட்டைகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். நான் அசையவில்லை. ஒரு அட்டையைப் பிய்த்து எடுத்து, என் முகத்தைப் பார்க்காமலே வந்து, என் கையில் வைத்தான். தண்ணீர்.

ஓடிப் போய் எடுத்தேன். நீல டம்ளர்.